அச்சு முறிந்தது ஏன்?

என் விடுதி அறையில், கட்டிலுக்கு அடியில், ஓராண்டுக்கு மேலாக ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. மும்பையிலிருந்து காசிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, நம் சங்கத்து நண்பர்கள் நால்வர் அதை மொய்த்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து வரும் மூட்டை என்றால் முறுக்காவது அதிரசமாவது இருக்கும் என்பது நம்மவர் அனுபவம். அவிழ்த்தவர் கையில் கிரீஸ்தான் ஒட்டியது. தட்டுப் போன்ற ஒரு தலை, அதைச் சுற்றி ஐந்து போல்ட்டு, நடுவிலிருந்து முளைத்து இரண்டு அங்குல நீளத்திலேயே முறிந்துபோன ஒரு தண்டு. "இதை எந்தச் சட்டினியோடு சாப்பிடுவது?" என்று கேட்டார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூட்டையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன், பிறகு பல மாதங்கள் அதைத் தொடவில்லை.

அது என் தந்தையார் ஓட்டிய வேனின் பின்னச்சு. முழு அச்சு அன்று; சக்கரத்தோடு கழன்று ஓடிய துண்டு.

எங்கள் குடும்பம் பாவூர்சத்திரத்துப் பக்கம். பாட்டனார் காலத்திலேயே பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்துவிட்டோம். அப்பா பதினாறு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினார். வண்டி சொந்த வண்டிதான். ஆனால் வாங்கும்போதே அது இன்னொருவரிடம் உழைத்துக் களைத்த வண்டி. 2024 ஜனவரியில் ஒரு காலை, மேம்பாலத்திலிருந்து இறங்கும் சரிவில், வண்டி இடப்பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கிச் சாய்ந்தது. அடுத்த கணம், தம் வண்டியின் சக்கரமே தம்மை முந்திக்கொண்டு சாலையில் உருண்டு போவதை அப்பா பார்த்தார். பிரேக்கை மிதித்தார். அது தரைவரை இறங்கிற்று. சக்கரத்தோடு டிரம்மும் போய்விட்டபடியால் பிரேக் எண்ணெய் முழுவதும் அந்த வழியே வெளியேறிவிட்டது. ஒரு பக்கத்து அச்சு முறிந்தால் என்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். ஆகவே கியரைக் குறைத்துப் பிடிக்கவும் வழியில்லை. நடைபாதைக் கல்லில் வண்டியைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். உள்ளே பதினேழு பிள்ளைகள். ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய வண்டி அது. பதினேழு என்ற எண் வெளியே வந்ததும் விசாரணை முடிந்துவிட்டது. பெற்றோர் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தார் சொன்னார்கள், எங்கள் தெருவும் சொல்லிற்று: பாரம் அதிகம், அச்சு முறிந்தது. தமிழன் என்றால் இதற்குச் சான்றும் உடனே கிடைத்துவிடும். மெல்லிய மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே! தெருமுனைச் சலவைக் கடைப் பெரியவர் அப்பாவுக்கு ஆறுதல் சொல்ல வந்து, அந்தக் குறளையும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. ஒப்பந்தம் போயிற்று. வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தார். இன்று ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். அந்த இரும்புத் துண்டை மட்டும் கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை.

நான் இங்கே படிப்பது உலோகங்களைப் பற்றிய இயற்பியல். அதனால்தான் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வாங்கி வந்தவன் ஏன் மாதக்கணக்கில் பார்க்கவில்லை என்றால், பாரம்தான் காரணம் என்று அது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்தான்.

அச்சு எப்படி முறிகிறது என்ற கேள்வியில் மனிதன் தலையை உடைத்துக்கொள்ளத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் என்ஜினில் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கடலெல்லாம் சுற்றி வந்த துமோன் துர்வில் என்ற புகழ்பெற்ற மாலுமி, குடும்பத்தோடு அந்த ரயிலில் இறந்தார். அக்காலத்தில் பலருடைய எண்ணம் என்னவென்றால், ஓயாத அதிர்ச்சியினால் நார் நாராக இருந்த இரும்பு உள்ளுக்குள் கற்கண்டாக மாறி, பட்டென்று உடைகிறது என்பது. முறிந்த முகத்தில் பொடிப்பொடியான மினுமினுப்பைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் ஸ்டாண்டு மெக்கானிக் "மெட்டல் செத்துப் போச்சு" என்று சொல்வதும் அதே கருத்துத்தான். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ராங்கின் என்ற இளைஞர், அப்போது ஏறத்தாழ என் வயதினர், 1843இல் வேறொன்றைச் சொன்னார். அச்சு பட்டென்று உடைவதில்லை. தடித்த பகுதி மெலியும் மூலையில் ஒரு சிறு வெடிப்புத் தோன்றி, நாள்தோறும் உள்நோக்கி வளர்ந்து, எஞ்சிய உலோகம் தாங்காத நாளில் உடைகிறது என்றார். பிறகு பிரஷ்யாவில் ரயில்வே எஞ்சினியராயிருந்த வோலர் என்பவர் 1850களிலிருந்து 1870 வரை அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவைப்படும் பளுவைவிட மிகக் குறைந்த பளுவே, இலட்சக்கணக்கான தடவை மாறி மாறி வந்தால் போதும், உருக்கு முறிந்துவிடும் என்று காட்டினார். உலோகக் களைப்பு என்று நம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பது அதுதான்.

வேனுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். லாரி போன்ற பெரிய வண்டிகளில் வண்டியின் எடையை வெளிக்கூடு தாங்கிக்கொள்ளும். உள்ளே உள்ள தண்டுக்குச் சக்கரத்தைத் திருப்புவது ஒன்றே வேலை. அப்பாவின் வேன் போன்ற சிறு வண்டிகள் பலவற்றில் தண்டே சக்கரத்தைத் திருப்பவும் வேண்டும், எடையைத் தாங்கவும் வேண்டும். எடை தாங்கும் தண்டு சற்றே வளையும். வளைந்த தண்டின் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப் பக்கம் நெருக்கப்படும். அது சுழல்கிறதே! ஆகையால் கீழே இழுபட்ட இடம் அரைச் சுற்றில் மேலே போய் நெருக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழுப்பு, ஒரு நெருக்கு. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்று. அப்பா நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்டுவார். அதாவது முப்பதாயிரம் சுற்று. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்க நமக்கு இருபது தடவை போதும். அச்சு நாளுக்கு முப்பதாயிரம் தடவை தாங்குகிறது என்றால், அதன் மேற்பரப்பில் ஒரு கீறலும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் வரையில்தான்.

பழைய வண்டியில் அந்த வழவழப்பு இருக்காது. முதலில் நான் துருவைத்தான் சந்தேகித்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒன்று எனக்கு நினைவில் இருந்தது. 1998 முதல் 2003 வரையிலான மாடல்களைச் சேர்ந்த ஃபோர்டு வின்ட்ஸ்டார் வேன்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை 2010இல் திரும்ப அழைத்தார்கள். பனியை உருக்குவதற்காகச் சாலையில் உப்புக் கொட்டும் குளிர்ப் பிரதேசங்களில், அவற்றின் பின்னச்சு துருப்பிடித்து வெடித்து முறியத் தொடங்கியிருந்தது. உப்புக் கொட்டாத வெப்பப் பிரதேசங்களில் ஓடிய வண்டிகளுக்கு அந்த அழைப்புத் தேவைப்படவில்லை. அந்த வேனில் பின்சக்கரங்களை என்ஜின் திருப்புவதில்லை. அச்சும் சுழலாத ஒரு விட்டம்தான். ஆயினும் பாடம் ஒன்றே. மும்பைக்கு உப்பை யாரும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை. கடற்காற்றே கொண்டுவந்து தரும். ஜூலை மாதத்தில் சயான் பக்கத்துச் சாலைகளில் வண்டி நிற்பதற்கும் தோணி நிற்பதற்கும் அதிக வேறுபாடு கிடையாது.

ஒரு நாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கிரீஸைக் கழுவினேன். முப்பத்தாறு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம். சோதனைச்சாலையின் சிறிய நுண்ணோக்கியே போதுமானதாயிருந்தது; சொல்லப்போனால் வெறுங்கண்ணுக்கே பாதி தெரிந்தது. வட்டத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிவரியாகக் கோடுகள். அலை திரும்பிப் போனபின் மணலில் படிந்திருக்குமே, அப்படி. விளிம்போரக் கோடுகள் கறுத்திருந்தன. உள்ளே போகப் போக வெளுத்தன. ஆக, விளிம்பு முதலில் வெடித்து, காற்றையும் ஈரத்தையும் நெடுநாள் குடித்திருக்கிறது. வட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் நடுவை ஒட்டிச் சொரசொரவென்று மினுங்கிற்று. மேம்பாலத்தில் அந்தக் காலையில் முறிந்தது அந்த ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற நான்கு பங்கும் அதற்கு முன்பே முறிந்திருந்தது.

மரத்தின் வளையங்களை எண்ணி வயது சொல்வதுபோல் இந்தக் கோடுகளை எண்ணி நாள் சொல்ல முடியாதா என்று அறை நண்பர் கேட்டார். முடியாது. ஆனால் நடுவில் ஒரு கோடு மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது. 2023 மே மாத விடுமுறையில் வண்டி சும்மா நின்ற நாட்களில் படிந்த துரு அது என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசை. நிரூபிக்க வழியில்லை.

இதில் எனக்கு ஒரு செய்தி முக்கியமானது. பாரம் மிகுதியால் முறியும் அச்சில், கடைசியில் உடையும் பகுதி பெரிதாக இருக்கும். ஏனெனில் பாதி உலோகம் மிஞ்சியிருக்கும்போதே அது தாங்காமல் போய்விடும். எங்கள் அச்சோ ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு பதினேழு பிள்ளைகளைச் சுமந்திருக்கிறது. கணக்கும் போட்டுப் பார்த்தேன். அதிகப்படியாக ஐந்து பிள்ளைகள், ஆளுக்குப் புத்தகப் பையோடு இருபத்தைந்து கிலோ, நூற்றிருபத்தைந்து கிலோ. இரண்டு டன் வண்டிக்கு அது பெரிய சுமை அன்று. ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பளு பத்து விழுக்காடு கூடினால் களைப்பினால் வரும் ஆயுள் பத்து விழுக்காடு மட்டும் குறைவதில்லை. கிட்டத்தட்டப் பாதியாகக்கூட ஆகிவிடலாம். ஆகவே அந்த ஐந்து பிள்ளைகளும் முற்றிலும் கணக்கில் சேராதவர்கள் அல்லர். வெடிப்பை அவர்கள் உண்டாக்கவில்லை. அதன் நடையைச் சற்று விரைவுபடுத்தினார்கள்.

அப்படியானால் வெடிப்பை உண்டாக்கியது எது? விளிம்பை அரத்தால் தேய்த்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தேன். ஓரத்தில் மோதிரம்போல ஒரு தனி வளையம் தெரிந்தது. அது அச்சோடு பிறந்த உலோகம் அன்று. வெல்டிங். வெடிப்பு ஓரிடத்தில் அல்ல, அந்த வளையத்தின் ஓரமாகச் சுற்றிலும் பல இடங்களில் தொடங்கியிருந்தது.

அந்த வெல்டிங்கை நான் அறிவேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அப்பாவின் வண்டியும் நின்றது. 2022 தொடக்கம் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டு, இரண்டு மழைக்காலம், தெருவோரத்திலேயே நின்றது. ஓடும் வண்டியில் எண்ணெய் சுழன்றுகொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில் உள்ளே புகுந்த நீர் பேரிங்கின் அடியில் தங்கிவிடும். வண்டியை மீண்டும் எடுத்துச் சில மாதங்களில் பேரிங் இறுகி, தான் உட்கார்ந்திருந்த இடத்தையே தின்றுவிட்டது. 2022 ஜூனில் அந்தத் தண்டை நானும் அப்பாவும் லேத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தேய்ந்த இடத்தில் வெல்டிங் ஏற்றி, லேத்தில் கடைந்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். கம்பிக் குச்சியின் நுனியில் நீலப் பொறி பறப்பதைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. கடைந்து முடிந்ததும் தண்டு புதிதுபோலப் பளபளத்தது.

அளவு சரியாகிவிட்டது, பளபளப்பும் வந்துவிட்டது. உருக்கு மட்டும் சரியாகவில்லை. அச்சுக்கு இடும் உருக்கில் கரி சற்று அதிகம். அதைச் சீராகச் சூடாக்காமல் ஓரிடத்தில் மட்டும் உருக்கி ஊற்றினால், சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அந்தச் சூட்டை உடனே உறிஞ்சிக்கொள்ளும். சட்டென்று ஆறிய அந்த ஓரம் கண்ணாடியைப்போல் கடினமாகவும் நொறுங்குவதாகவும் ஆகிவிடும். மேலும், வெல்டிங் ஆறும்போது சுருங்கி, பக்கத்து உலோகத்தை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். நாளுக்கு முப்பதாயிரம் இழுப்பு வரும் இடத்தில், நிரந்தர இழுப்பையும் ஒன்று சேர்த்து வைத்தோம்.

அன்றிரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் காவல் கூண்டில் இருந்தார்.

"அப்பா, ஓவர்லோடு இல்லப்பா. பிள்ளைகளால இல்ல."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வெல்டிங்தானே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஒடைஞ்ச இடத்தப் பாத்த அன்னைக்கே தெரியும், ஐயா. அந்தப் பட்டறைக்காரரக் குத்தம் சொல்லிராத. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. பிள்ளைய வண்டி, புதுசு போடுங்கன்னாரு. நீயும் பக்கத்துலதான நின்ன?"

நின்றேன். பட்டறைக்காரர் இந்தியில் சொன்னது என் காதிலும் விழுந்தது. புதுத் தண்டுக்கு அப்பாவிடம் பணம் இல்லை. இருந்த பணம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் என் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். பட்டறைக்காரர் சொல்லி முடித்ததும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நீலப் பொறியைப் பார்க்கப் போய்விட்டேன். இத்தனை நாளும் பொறிதான் எனக்கு நினைவிலிருந்தது. அந்தப் பார்வை இல்லை.

"அப்ப ஏன் எல்லாரும் ஓவர்லோடுன்னு சொன்னப்ப சும்மா இருந்தீங்க?"

"பதினேழு பேர ஏத்துனது உண்மைதான?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கட்டணக் கதையை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "அந்தப் பாப்பாவுக்குக் கை நல்லாயிட்டு. போன வாரம் பாத்தேன். பந்து எறியுதா" என்றார்.

பேச்சை முடிக்க மனமின்றி, சூடு, சுருக்கம், கடினம் என்று நான் கண்டதையெல்லாம் விளக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து இடையில் நிறுத்தினார். "இரு. நான் வெச்ச வெல்டிங்கு சரியில்லன்னுல்லா நெனச்சேன். எவன் வெச்சாலும் இப்படித்தானா?"

"முன்னாடியே முழுசாச் சூடு பண்ணாம வெச்சா, பெரும்பாலும் இப்படித்தான்பா."

"அந்த வருஷம் எல்லா வண்டியும்தான் நின்னுச்சு. நம்ம ஸ்டாண்டுல இன்னும் மூணு வண்டி இதே மாரி வெச்சுக்கிட்டுத்தான் ஓடுது" என்றார். பிறகு, "நீ வரும்போது அந்தத் துண்டக் கொண்டுட்டு வா. வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான்" என்றார்.

மார்கழி விடுமுறையில் மூட்டை மகாநகரி எக்ஸ்பிரஸில் திரும்பவும் மும்பைக்குப் பயணமாயிற்று. கூடவே மூன்று தகரக் குப்பிகளும் வாங்கிக்கொண்டேன். ஒன்றில் துடைக்கும் திரவம், ஒன்றில் சிவப்புச் சாயம், ஒன்றில் வெள்ளை மாவு. சாயத்தைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிட வேண்டும். பிறகு வெள்ளையைத் தூவினால், வெடிப்புக்குள் புகுந்திருந்த சாயம் கசிந்து வந்து கோடு காட்டும். பள்ளி திறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மூன்று வண்டிகளையும் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். ஓட்டுநர்கள் முதலில் என்னை நம்பவில்லை. அப்பா மூட்டையை அவிழ்த்துத் துண்டைக் கையில் கொடுத்தார். அவர்கள் அந்த அலைக்கோடுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் சக்கர நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

முதல் வண்டியின் தண்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆனாலும் வெல்டிங் வெல்டிங்தான். ஆறு மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள் என்றேன். மூன்றாவது தண்டில் வெள்ளை மாவின்மேல் மயிரிழைபோல ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வட்டம் சுற்றிற்று. அந்த ஓட்டுநர் என் தந்தையாரைவிட மூத்தவர், மராட்டியர். "எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். "இன்று திங்கட்கிழமையாக இருந்தால் ஓட்டியிருப்பேன்" என்றார். அன்று மாலையே புதுத் தண்டுக்குச் சொல்லிவிட்டார். வந்து சேர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த நான்கு நாளும் அவருடைய பிள்ளைகளை மற்ற இரண்டு வண்டிகளும் பங்கிட்டுக்கொண்டன. வேறு வழியில்லை. அப்பா காவல் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே ஸ்டாண்டுக்குப் போய், கதவருகே நின்று ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றிவிட்டார். முதல் நாள் நானும் போயிருந்தேன். இரண்டாவது வண்டியின் கதவைச் சாத்துவதற்கு முன் அவர் உள்ளே எட்டிப் பார்த்து விரலை மடக்கி எண்ணினார். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். "மெல்லப் போ, ஐயா" என்று ஓட்டுநரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.